வெள்ளத்தில் நனைந்த காரை ‘மொத்த இழப்பு’ என்று தள்ளிவிட்டார்கள்: எதிர்த்துக் கேட்க வழி உண்டா?

தென்பெண்ணைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெரு தப்பிவிட்டது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்ட பிறகுதான் ஆறு வீட்டுக்குள் வந்தது. வாசலில் நின்ற கார் இருக்கை மட்டம் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, லாரியில் ஏற்றிப் புதுச்சேரியில் உள்ள கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

வண்டி 2020 தொடக்கத்தில் வாங்கியது. பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர், 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவரால் ஓட்ட முடிந்த ஒரே வண்டி இது. பாலிசியில் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் குறித்த காப்பீட்டு மதிப்பு, 3,60,000 ரூபாய். பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு, எடுக்கவில்லை. கடன் எதுவும் பாக்கி இல்லை.

ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 3,12,400. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது: பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டுவதால் வண்டி மொத்த இழப்பு, 3,59,000 தருகிறோம், ஆர்.சி., இரண்டு சாவி, கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுங்கள் என்கிறார்கள். இதே மாடல், இதே வருடம், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி பழைய கார் சந்தையில் 5,20,000க்குக் குறைந்து கிடைக்கவில்லை. எனக்குப் பணம் வேண்டாம், வண்டியைச் சரி செய்து கொடுத்தால் போதும். இந்த முடிவை எதிர்க்க முடியுமா, அல்லது நிறுவனம் சொன்னால் சொன்னதுதானா?

கணக்குப்பிள்ளை

நண்பரே, கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்தில் ஊறிய வண்டிக்கு 3,59,000 கையில் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வராமல் எதற்கு மல்லுக்கட்டு? பாகங்களின் வயதுக்கேற்பத் தேய்மானம் பிடித்தது போகப் பழுதுக்கு உங்கள் பையிலிருந்தும் ஒரு லட்சம் போகும். அதன் பிறகும் அது வெள்ள வண்டிதான். நாளை விற்கப் போனால் 5,20,000 பேச்சே இருக்காது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் பதிவேட்டில் ‘வெள்ளச் சேதம்’ என்று ஏறிவிடும். வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

தென்பெண்ணைக்கரை

விற்கிற எண்ணமே இல்லை சார். இன்னும் ஏழெட்டு வருடம் ஓட்டத்தான் கேட்கிறேன். 3,59,000க்கு ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் யாரோ ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்த வண்டிதான் கிடைக்கும். அது எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த வண்டியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதாவது தெரியும்.

ஓய்வுபெற்ற_சர்வேயர்

தம்பி, முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி, ஆர்.சி. இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். ‘பரிசீலித்துவிட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறேன்’ என்று மட்டும் மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் எது பேசினாலும் அன்றே அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் மோட்டார் சர்வே, அதாவது காப்பீட்டுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் வேலை, பார்த்தவன். மொத்த இழப்பு என்ற முடிவு வண்டியைப் பார்த்து எடுக்கப்படுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எஸ்டிமேட் தாளின் கடைசி வரியைப் பார்த்து எடுக்கிறார்கள். அந்த எஸ்டிமேட்டை எழுதியது யார்? ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் அட்வைசர். வெள்ளம் வந்த வாரத்தில் அவர் மேஜையில் நூறு வண்டி நிற்கும். எதையும் கழற்றிப் பார்க்க நேரம் இல்லை. ‘மாற்ற வேண்டும்’ என்று எழுதிவிட்டால் அவருக்குப் பொறுப்பு தீர்ந்தது. பிறகு ஏதாவது கெட்டால் பழி வராது. நிறுவனத்துக்கும் மொத்த இழப்பு சௌகரியம். ஒரே தொகையில் கோப்பு மூடப்படும். ஆறு மாதம் கழித்து ‘ஏ.சி. வேலை செய்யவில்லை’ என்று யாரும் வரமாட்டார்கள். வண்டியின் உடல் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். இதில் சதி ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் சுலபமான வழி அது, உங்களைத் தவிர.

பாலிசி வாசகத்தை எடுத்துப் படியுங்கள். மீட்பு, பழுது இரண்டுக்குமான மொத்தச் செலவு, ‘பாலிசியின் விதிமுறைகளுக்கு உட்பட்டு’, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் என்றுதான் இருக்கும். அந்த ‘உட்பட்டு’ என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. விதிமுறை என்றால் தேய்மானமும் சேர்த்துத்தான். நாலு வருடத்துக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் உள்ள வண்டியில் உலோக பாகங்களுக்கு 35 சதவீதம் பிடிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் என்றால் 50 சதவீதம். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இதையெல்லாம் கழித்த பிறகு நிறுவனம் தர வேண்டிய தொகையைத்தான் 75 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது என் வாசிப்பு. நான் அப்படித்தான் அறிக்கை எழுதினேன். ஒர்க்‌ஷாப்பின் மொத்தத் தொகையை அப்படியே ஒப்பிடுகிற சர்வேயர்களும் உண்டு. அங்கேதான் சண்டை.

எஸ்டிமேட்டைத் தலைப்பு வாரியாக இங்கே போடுங்கள். உங்கள் விலாசம், வண்டி எண்ணை மறைத்துவிடுங்கள்.

தென்பெண்ணைக்கரை

நன்றி ஐயா. வரிகள் உள்பட இதோ.

நான்கு இருக்கைகள் 58,000. மெயின் வயரிங் 46,000. ஸ்டீயரிங் மோட்டார் யூனிட் 41,000. என்ஜின் கண்ட்ரோல் யூனிட், அதாவது ஈ.சி.எம்., 38,000, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் சேர்த்து 22,000, கார்ப்பெட், உள் பேனல்கள் 19,000, ஏ.சி. கம்ப்ரெசர் 18,500, ஏர்பேக் மாட்யூல் 17,000, பாடி கண்ட்ரோல் மாட்யூல் 14,000, மீட்டர் கிளஸ்டர் 12,500, கூலி 26,400.

கணக்குப்பிள்ளை

சரி, சர்வேயர் ஐயா சொன்னபடி போட்டுப் பார்த்தேன். 50 சதவீத இனங்களை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 35 என்றே வைத்துக்கொள்வோம். பாகங்கள் 2,86,000. தேய்மானம் போக 1,85,900. கூலி 26,400. ஆக 2,12,300. ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் 2,11,300. ஐ.டி.வி.யில் 75 சதவீதம் 2,70,000. அதாவது கோட்டுக்கு வெகு கீழே.

ஆனால் நான் முன்பு சொன்னதும் அதில் தெரிகிறது பாருங்கள். மீதி 1,01,100 உங்கள் தலையில். வாதத்தில் ஜெயித்தால் ஒரு லட்சம் செலவு.

ஒரு வேடிக்கை. இவர் பம்பர் டு பம்பர் எடுத்திருந்தால் தேய்மானப் பிடித்தமே இருக்காது, நிறுவனத்தின் பொறுப்பு மூன்று லட்சத்தைத் தாண்டும், வண்டி நேராக மொத்த இழப்பு. கூடுதல் பிரீமியம் கட்டினவனுக்குத்தான் வண்டி சீக்கிரம் பறிபோகும்.

பட்டறைக்காரன்

விழுப்புரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த வாரம் எங்கள் பக்கம் வந்த வண்டிகளைப் பார்த்து அலுத்துப்போய்விட்டேன். இந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

தண்ணீர் இருக்கை மட்டம்தானே? ஈ.சி.எம். எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மாதிரி வண்டிகளில் என்ஜின் அறையில், பேட்டரிக்குப் பக்கத்தில், மேலே உட்கார்ந்திருக்கும். அது இருக்கைப் பலகையைவிட உயரம். பானெட்டைத் திறந்து அதன் மேல்மூடியைப் படம் எடுங்கள். அதில் பழைய தூசி உலர்ந்து, ஒட்டியபடியே இருந்தால் தண்ணீர் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தூசி கரைந்து சேற்றுக்கோடு விழுந்திருக்கும். ஃப்யூஸ் பெட்டிக்கும் இதே சோதனைதான். ஸ்டீயரிங் மோட்டார் தூணிலேயே இருக்கிற வகை என்றால் அதுவும் டேஷ்போர்டுக்குள் மேலே இருக்கிறது. மீட்டர் கிளஸ்டர் அதற்கும் மேலே. நனையாத பொருளை எதற்கு மாற்ற வேண்டும்?

இருக்கை 58,000 என்பது முழு இருக்கையை இரும்புச் சட்டத்தோடு புதிதாகப் போடுகிற விலை. பஞ்சையும் துணியையும் மாற்றினால் போதும். சட்டத்தைக் கழுவித் துரு தடுப்பான் அடிக்கலாம். எங்கள் ஊரில் 18,000க்குள் நல்ல வேலை செய்வார்கள்.

மாற்ற வேண்டியவையும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் மாட்யூல் பெரும்பாலும் தரையில், கியர் லிவருக்குக் கீழே இருக்கும். அது நனைந்திருந்தால் மறுபேச்சு கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். உலர்த்திப் போட்டு, தேவைப்படும்போது ஏர்பேக் விரியாமல் போனால் யார் பொறுப்பு? பாடி கண்ட்ரோல் மாட்யூல் ஓட்டுநரின் கால் பக்கம் இருந்தால் அதற்கும் அதே கதி. தரையில் ஓடுகிற வயரிங்கையும் நம்பக்கூடாது. இன்று வேலை செய்யும். நாலு மாதம் கழித்து கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஒரு நாள் பின்விளக்கு எரியாது, மறுநாள் சென்ட்ரல் லாக் தானாகத் திறக்கும். ஆற்றுத் தண்ணீர் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. கடல் தண்ணீர் ஏறின வண்டி என்றால் நானே ‘பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லியிருப்பேன்.

தென்பெண்ணைக்கரை

அண்ணா, இன்று புதுச்சேரி போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. ஈ.சி.எம். மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் பழைய தூசி, ஒரு காய்ந்த வேப்பிலைச் சருகுகூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவின் உள்பக்கத்தில் சேற்றுக்கோடு நேர்கோடாக இருக்கிறது, இருக்கையின் பலகை உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலே. கோட்டின் அருகில் அளவு நாடாவை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன்.

சர்வீஸ் அட்வைசருக்குப் பிடிக்கவில்லை. ‘முடிவு சொல்லாமல் வண்டியை இங்கே நிறுத்தினால் நாள் வாடகை போடுவோம்’ என்றார்.

ஓய்வுபெற்ற_சர்வேயர்

அது வழக்கமான மிரட்டல். நிறுவனத்திற்கு எழுதும்போது அந்த நிறுத்த வாடகையையும் குறிப்பிடுங்கள்: ‘முடிவு நிறுவனத்தின் பரிசீலனையில் இருப்பதால் இது என் பொறுப்பல்ல’ என்று.

படங்கள் அருமை. இனி கேட்க வேண்டியது மூன்று. சர்வே அறிக்கையின் நகல். 75 சதவீதத்தை எந்தத் தொகையோடு ஒப்பிட்டார்கள் என்ற கணக்கு. சர்வேயரும் ஒர்க்‌ஷாப்பும் நீங்களும் சேர்ந்து, பாகங்களைக் கழற்றிப் பார்க்கிற கூட்டு மறு ஆய்வு. கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். அப்பாவின் முழங்காலும் வேண்டாம். எஸ்டிமேட்டின் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே உங்கள் ஆட்சேபமும் படத்தின் எண்ணும் போதும். பத்தி பத்தியாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

கால அளவும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

ஹாரோ_தமிழன்

லண்டன் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. இங்கே சட்டத்தில் 75 சதவீதம் என்ற கோடெல்லாம் கிடையாது. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று நிறுவனம் நினைத்தால் தள்ளுபடி செய்துவிடும். வண்டிக்கு ஒரு வகை எழுத்து விழும்: சட்டகம் சேதமானால் எஸ், மற்றபடி என். 2017 அக்டோபருக்கு முன் சி, டி என்று இருந்தன. ஏ, பி என்றால் வண்டி திரும்ப சாலைக்கே வரக்கூடாது. இங்கே தரவேண்டியது விபத்துக்கு முந்தைய சந்தை விலை. அதனால் நாங்கள் அதே மாதிரி வண்டிகளின் விற்பனை விளம்பரங்களைச் சேகரித்து அனுப்பிச் சண்டை போடுவோம். நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம், பிறகு நிதி குறைதீர் சேவைக்குக் கட்டணமில்லாமல் போகலாம். என் மைத்துனர் அப்படிப் போராடி விலையைக் கூட்டி வாங்கினார். நீங்களும் அந்த 5,20,000 விளம்பரங்களை அனுப்பிப் பாருங்களேன்?

நெல்லை_வழக்குரைஞர்

அந்த வழி இங்கே செல்லாது சகோதரரே. இந்தியாவில் ஐ.டி.வி. என்பது பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் கழித்து வருவது. நாலு வருடம் கடந்து ஐந்துக்குள் இருந்தால் பாதி போய்விடும். இவர் வண்டி அப்படித்தான் 3,60,000க்கு வந்திருக்கிறது. மொத்த இழப்பு என்று ஆகிவிட்டால் சந்தை விலை விளம்பரம் எத்தனை காட்டினாலும் அதற்கு மேல் நகராது.

அதே ஒப்புதல் நிறுவனத்தையும் கட்டும். ஐ.டி.வி.க்குப் பிரீமியம் வாங்கிவிட்டு, இழப்பு வந்ததும் ‘வண்டியின் மதிப்பு அவ்வளவு இல்லை’ என்று குறைக்க முடியாது. தர்மேந்திர கோயல் எதிர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார், 2009. சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம், ஆனால் அதுவே இறுதி வார்த்தை அல்ல என்ற தீர்ப்பு. ‘சர்வேயர் சொல்லிவிட்டார், நாங்கள் என்ன செய்வது’ என்று நிறுவனம் கையை விரித்தால் இதை எழுதுங்கள்.

ஆகவே இவருக்கு விலையைக் கூட்டுகிற வழக்கு இல்லை. ‘இது மொத்த இழப்பே இல்லை’ என்கிற வழக்கு மட்டும்தான் இருக்கிறது. சர்வேயர் ஐயா சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார்.

போகிற வழி: முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துப்பூர்வப் புகார். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்தில் ஒரு பதிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வரக்கூடாது, 50 லட்சம் வரை பார்ப்பார்கள். நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞராக இருந்துகொண்டு சொல்கிறேன், இந்தத் தொகைக்கு என்னைப் போன்றவர்களைத் தேடாமல் அங்கே போங்கள். அங்கே தோற்றாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கும், இரண்டு வருடக் கெடு. முதலில் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் தொடமாட்டார். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

திண்டிவனம்_தேவி

நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள். எனக்கு இதே நிலை, ஆனால் நிறுவனம் வேறொரு யோசனையும் சொல்கிறது: வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐ.டி.வி.யில் ஏல விலையைக் கழித்துவிட்டு மீதியைத் தருகிறோம் என்கிறார்கள். இதில் என்ன வில்லங்கம்?

ஓய்வுபெற்ற_சர்வேயர்

அம்மா, அது சிலருக்கு நல்ல வழிதான். வண்டி உடலுக்கு இணையதள ஏலத்தில் வந்த அதிகபட்சக் கேள்வியைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். தென்பெண்ணைக்கரைத் தம்பியின் வண்டிக்கு ஏலத்தில் 1,65,000 வந்தது என்று வையுங்கள். 1,94,000 கையில், வண்டியும் கையில். பட்டறைக்காரர் சொன்ன மாதிரி வெளியே பார்த்து வேலை செய்தால் பணம் மிஞ்சவும் கூடும். அந்த ஏலக் கேள்வி யார் யாரிடமிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு உங்களுக்குக் குறையும். அந்தப் பாலிசி அத்தோடு முடிந்தது என்பதையும், அடுத்த பாலிசிக்கு வண்டியை நேரில் காட்ட வேண்டி வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நெல்லை_வழக்குரைஞர்

வண்டியைக் கொடுத்துவிடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. நிறுவனமோ அதன் ஏலத் தரகரோ பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றிடமாகக் கையெழுத்துக் கேட்பார்கள். வாங்குபவர் பெயர் இல்லாமல் போடாதீர்கள். ஏலத்தில் எடுத்தவர் பெயர் மாற்றாமலே வண்டியைச் சரிசெய்து ஓட்டுவார், அல்லது இன்னொருவருக்கு விற்பார். அது யார் மேலாவது மோதினால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் தேடி வருவார்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: விற்றுவிட்டேன் என்பது போதாது, பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர்.

அதைவிட மோசம், உடைந்த வண்டியின் ஆர்.சி.க்காகவே ஏலம் எடுப்பவர்கள் உண்டு. வண்டி காயலான் கடைக்குப் போகும். அதன் சேஸிஸ் எண் எங்கோ திருடின வண்டியில் ஏறும். உண்மையிலேயே ஓட்டத் தகுதியில்லாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கணக்குப்பிள்ளை

இதைப் படித்த பிறகு எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. ‘பணத்தை வாங்கிக்கொண்டு வா’ என்று சொன்னவன் நான். ஆனால் இன்னமும் கேட்கிறேன்: பட்டறைக்காரர் சொல்லும் அந்தப் பச்சை பூத்த கனெக்டர் செலவை யார் தருவார்? அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பட்டறைக்காரன்

யாரும் தரமாட்டார்கள் சார். அதனால்தான் தரை வயரிங்கை எஸ்டிமேட்டிலிருந்து எடுக்கவே கூடாது என்கிறேன். தொகையைக் குறைக்க வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் ‘கழுவினால் போதும்’ என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு மாட்டிக்கொள்வது இவர்தான். நனைந்ததை மாற்று, நனையாததை விடு. கோடு சேற்றுக்கோடுதான்.

தென்பெண்ணைக்கரை

நிலவரம். குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பிய கடிதத்துக்கு முதலில் ஒரு வரிப் பதில் வந்தது: ‘முடிவு நிறுவன விதிகளின்படியே’ என்று. எந்த விதி, எந்தப் பக்கம் என்று திரும்பக் கேட்டேன். பீமா பரோசாவில் பதிந்த பிறகுதான் அசைந்தார்கள். வேறொரு அதிகாரி தொலைபேசியில் அழைத்து மறு ஆய்வுக்குச் சம்மதித்தார்.

ஒர்க்‌ஷாப்பில் மூன்று தரப்பும் நின்றோம். சர்வேயர் இளைஞர், தூசி படிந்த ஈ.சி.எம். படத்தைக் காட்டியதும் வாக்குவாதம் செய்யவில்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், ஈ.சி.எம்.மும் ஸ்டீயரிங் யூனிட்டும் நன்றாக இருக்கின்றன. இருக்கைகளுக்குப் பஞ்சும் துணியும் மட்டும் 18,000 என்று மாறியது. ஏர்பேக் மாட்யூலின் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. அதை நானே ‘மாற்றியாக வேண்டும்’ என்று சொன்னேன். மெயின் வயரிங், பாடி கண்ட்ரோல் மாட்யூல் பட்டியலிலேயே இருக்கின்றன. மீட்டர் கிளஸ்டரையும் எடுக்கச் சொன்னேன், ஸ்கேனரில் ஏதோ பிழை காட்டியதால் அது தங்கிவிட்டது.

புது எஸ்டிமேட் 1,93,400.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் தேய்மானமே கழிக்காவிட்டாலும் 2,70,000க்குக் கீழே! 75 சதவீதத்தை எதோடு ஒப்பிடுவது என்ற சர்ச்சையே இனி வேண்டாம். பாகங்கள் 1,67,000, அதில் 65 சதவீதம் 1,08,550, கூலி 26,400, பிடித்தம் 1,000. நிறுவனம் சுமார் 1,33,950 தர வேண்டும், உங்கள் பங்கு 59,450.

ஓய்வுபெற்ற_சர்வேயர்

நான் சொன்னது இதைத்தான். வாசகச் சண்டையைக் குறைதீர்ப்பாளர் வரை இழுக்கலாம், ஜெயிக்கவும் கூடும். ஆனால் பட்டியல் சுருங்கினால் சண்டைக்கே இடமில்லை. இப்போது கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: வேலை நடக்கும்போது புதிதாக ஏதாவது கெட்டிருப்பது தெரிந்தால் துணை எஸ்டிமேட்டை ஏற்பதாக எழுத்தில் ஓர் ஒப்புதல். இல்லாவிட்டால் பாதி வழியில் ‘அது எங்கள் கணக்கில் இல்லை’ என்பார்கள்.

தென்பெண்ணைக்கரை

ஒப்புதல் வந்துவிட்டது, துணை எஸ்டிமேட் வரியோடு. கழற்றிய பழைய பாகங்களுக்கு ஒரு சிறு தொகையைக் கழித்து 1,32,000 சொச்சம் என்று போட்டிருக்கிறார்கள். நிறுத்த வாடகை பற்றி இரு தரப்பும் வாயே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வேலை தொடங்கிவிட்டது. தரை வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று பட்டறைக்கார அண்ணன் சொன்னதைச் சர்வீஸ் அட்வைசரிடம் அச்சு எடுத்தே கொடுத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார், 60,000 ரூபாய் செலவுதான். இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

கணக்குப்பிள்ளை

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் வண்டி உங்களுடையது.

திண்டிவனம்_தேவி

என் கதை தலைகீழ் ஆகிவிட்டது. மேலே சொன்ன மாதிரி அறிக்கையின் நகலைக் கேட்டேன். உடனே நிறுவனம் ‘அப்படியானால் பழுதே பார்த்துத் தருகிறோம்’ என்கிறது! என் வண்டியில் தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறியது. ஏர்பேக், மீட்டர், ஸ்டீயரிங் எல்லாம் மூழ்கிவிட்டன. பம்பர் டு பம்பர் உண்டு. எனக்கு வண்டி வேண்டாம், பணம்தான் வேண்டும். வங்கிக் கடன் வேறு பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற_சர்வேயர்

டேஷ்போர்டு வரை என்றால் உங்களுக்கு மொத்த இழப்புதான் நியாயம். அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடியுங்கள். நனைந்த ஒவ்வொன்றும் எஸ்டிமேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எதையாவது ‘சுத்தம் செய்தால் போதும்’ என்று தள்ளியிருந்தால், அது பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட பாகம் என்றால், ஒர்க்‌ஷாப்பிடம் அந்தப் பாகத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கேளுங்கள். தரமாட்டார்கள். அந்த மறுப்பையே இணைத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மொத்த இழப்பு என்று ஆனால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், மீதிதான் உங்களுக்கு; வங்கியிடம் பாக்கித் தொகைக்கு இப்போதே கடிதம் வாங்கிவிடுங்கள்.

எஸ்டிமேட்டை இங்கே போடுங்கள் அம்மா, இருக்கைக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.